கீபோர்டுக்குப் பின்னாடி சும்மா நின்ன மனுஷன்

ரெண்டு மாசமா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்டலை. யாரும் தேடலைங்கறது வேற விஷயம் :-)

போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பில்ட் ஓடி முடியட்டும்னு காத்துக்கிட்டிருந்தப்ப டெபெஷ் மோட் குழுவோட '101' படத்தை நாலாவது தடவையா பார்த்தேன். 1989ல வந்த டாகுமெண்டரி. பாப் டிலன் பத்தி படம் எடுத்த பென்னபேக்கர் எடுத்தது. அதுல ஒரு இடம் வரும். கீபோர்டு வாசிக்கற ஆண்டி ஃப்ளெட்சர், குழுவுல யார் யாருக்கு என்ன வேலைன்னு விளக்குவார். மார்ட்டின் கோர் பாட்டு எழுதறார், டேவ் கான் பாடறார், ஆலன் வைல்டர் உருப்படியான இசைக்கலைஞர். அப்ப நீங்க? நான் சும்மா சுத்திக்கிட்டு இருக்கேன்கற மாதிரி ஒரு பதில் சொல்லிட்டுச் சிரிப்பார்.

ஹாஸ்டல்ல முதல் தடவை இதைப் பார்த்தப்ப நானும் ரூம்மேட்டும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சீனியர் ஒருத்தர் விட்டுட்டுப் போன ஹார்ட் டிஸ்க்ல 'டிஎம்'னு ஒரு ஃபோல்டர் இருந்துது. டேட்டா மைனிங் நோட்ஸா இருக்கும்னு திறந்தவன்தான் நான். பரிட்சைக்கு அது உதவலை. ஆனா அடுத்த மூணு வருஷம் எங்க ரூம்ல ஒரே சண்டை: டெபெஷ் மோடோட அந்த சத்தம் யாரோடது? நான் வைல்டர் கட்சி. அவன் மார்ட்டின் கட்சி. ஃப்ளெட்சர் கட்சின்னு ஒண்ணு இருக்க முடியும்னே ரெண்டு பேருக்கும் தோணினதில்லை.

இந்தப் பதிவு அந்தச் சண்டையில நான் பாதி தோத்துட்டேன்னு ஒத்துக்கறதுக்காக. தோத்தது மார்ட்டின் கட்சிகிட்ட இல்லை.

தெரியாதவங்களுக்காக கொசுவர்த்தியைக் கொஞ்சம் சுத்தறேன். இங்கிலாந்துல எஸ்ஸெக்ஸ் பகுதியில பேசில்டன்னு ஒரு ஊர். 1980ல அந்த ஊர்ப் பசங்க நாலு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது. சிந்தசைஸரை கையில தூக்கிட்டு ரயில் ஏறி லண்டனுக்குப் போய் வாசிச்சிருக்காங்க. டிரம்ஸ் கிடையாது, டிரம்மர் நிக்க வேண்டிய இடத்துல ஒரு டேப் ரெக்கார்டர் சுத்திக்கிட்டிருக்கும். ம்யூட்ங்கற சின்ன கம்பெனியை நடத்தின டேனியல் மில்லர் இவங்களைப் பிடிச்சுக்கிட்டார். ஒப்பந்தம்னு காகிதமே இல்லை, வாய்ப்பேச்சுதான், லாபத்துல பாதிப் பாதி. (நம்ம ஆளுங்க லேப்டாப் பை வாங்கறதுக்கே மூணு ஃபாரம்ல கையெழுத்து கேக்கறாங்க.)

முதல் ஆல்பம் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்', 1981. பெரும்பாலான பாட்டு வின்ஸ் கிளார்க் எழுதினது. 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' இதுலதான். இன்னிக்கும் கால்பந்து மைதானங்கள்ல கூட்டம் பாடுதே, அதே பாட்டு. அந்தக் காலத்து சிந்தசைஸர்ல பாதிக்கு மேல ஒரு நேரத்துல ஒரே ஒரு ஸ்வரம்தான் வாசிக்க முடியும். ரெண்டு கட்டையை சேர்த்து அமுக்கினாலும் ஒண்ணுதான் கேக்கும். அதனால இவங்களால கார்டு கார்டா அடுக்க முடியலை. ஒல்லி ஒல்லியான ஒத்தை மெட்டுகளைப் பின்னி பின்னித்தான் பாட்டையே கட்டணும். அந்த ஆல்பம் பொம்மைக் கடை மாதிரி துள்ளறதுக்கு அந்தப் பசங்க வயசு பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

அந்த வருஷக் கடைசியிலேயே வின்ஸ் கழன்டுக்கிட்டார். பாட்டு எழுதறவனே போயிட்டான், முடிஞ்சுது கதைன்னுதான் யாரும் நினைச்சிருப்பாங்க. மார்ட்டின் கோர் எழுத ஆரம்பிச்சார். 1982ல 'எ புரோக்கன் ஃப்ரேம்'. எனக்கு அது பெரிசா ஒட்டலை. பழைய சட்டையையே போட்டுக்கிட்டு புதுசா நடக்கப் பார்க்கற ஆல்பம். நகர்ந்துடலாம்.

ஆலன் வைல்டர் உள்ளே வந்த கதை ஜோரானது. பத்திரிகையில ஒரு விளம்பரம்: சிந்தசைஸர் வாசிக்க ஆள் தேவை, 21 வயசுக்குள்ள இருக்கணும். அண்ணனுக்கு 22. பொய் சொல்லிட்டு சேர்ந்தார். முறையா கிளாசிக்கல் பியானோ படிச்சவர். ஆனா அந்த ரெண்டாவது ஆல்பத்துல அவரைச் சேர்த்துக்கலை. வெளியாள் உதவி இல்லாமலே நாங்க நிப்போம்னு காட்டணுமாம். கச்சேரிக்கு வா, ஸ்டூடியோவுக்கு வராதேன்னா எப்படி இருந்திருக்கும்? கான்ட்ராக்ட்ல வேலை பார்த்தவங்களுக்குப் புரியும்.

அடுத்த ஆல்பத்துல இருந்துதான் விஷயமே ஆரம்பிக்குது. 1983, 'கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகெய்ன்'. சாம்ப்ளர்னு ஒரு சாமான் ஸ்டூடியோவுக்குள்ள வருது. வெளியுலகச் சத்தம் எதை வேணா பதிவு பண்ணி, கீபோர்டு கட்டையில போட்டு ஸ்வரமா வாசிக்கலாம். இவங்க டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு கட்டடம் கட்டற இடத்துக்கெல்லாம் போய் குழாயைத் தட்டினாங்க, தகரத்தை அடிச்சாங்க. 'பைப்லைன்'னு ஒரு பாட்டு கிட்டத்தட்ட முழுக்க அப்படித் தட்டினதுதான். மிக்ஸிங் பெர்லின்ல, ஹன்ஸா ஸ்டூடியோவுல. எட்டிப் பார்த்தா பெர்லின் சுவர் தெரியற தூரம். 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' பாட்டைக் கேளுங்க. கம்பெனிக்காரன் பேராசையைப் பத்தின பாட்டு, பின்னாடி இரும்புச் சத்தம். ரெண்டு வருஷம் முன்னாடி பொம்மைக் கடை வச்சிருந்த அதே பசங்க!

1984ல 'பீப்பிள் ஆர் பீப்பிள்' மேற்கு ஜெர்மனியில முதலிடம், அமெரிக்காவுல முதல் நுழைவு. அப்புறம் 1986ல 'பிளாக் செலிப்ரேஷன்', அதுல 'ஸ்ட்ரிப்ட்'. அந்தப் பாட்டுக்கு அடியில ஒரு இழுவையான தாளம் ஓடுதே, அது நின்ன இடத்துல உறுமற ஒரு மோட்டார் பைக்கோட சத்தம், வேகத்தைக் குறைச்சு போட்டது. பாட்டோட ஆரம்பத்துல டேவ் கானோட போர்ஷ் கார் ஸ்டார்ட் ஆகறதும் இருக்கு. இதெல்லாம் தெரியாமலே நூறு தடவை கேட்டேன். தெரிஞ்ச அப்புறம் மறுபடி கேட்டேன். மெக்கானிக் ஷாப் சத்தமா கேக்கலை, அப்பவும் சோகமாத்தான் கேட்டுது. அங்கதான் நான் விழுந்தேன். ஒரு இன்ஜின் சத்தத்தை சோகமாக்கறது பாட்டு எழுதறவன் வேலையா? இல்லை, இன்னொருத்தன் ராத்திரி பூரா உக்காந்து பண்ற வேலைன்னு வாதாடினேன்.

அந்த வாதத்துக்கு எங்கிட்ட இருந்த பெரிய ஆயுதம் 'என்ஜாய் த சைலன்ஸ்'. மார்ட்டின் கொண்டு வந்த டெமோ ஹார்மோனியம் வச்சு மெதுவாப் பாடின ஒரு தாலாட்டு மாதிரி. வைல்டர் இதை வேகமாக்கலாம், கீழ ஒரு டான்ஸ் பீட் போடலாம்னார். மார்ட்டினுக்கு இஷ்டமில்லை. மௌனத்தைப் பத்தின பாட்டை ஓட விட்டா என்ன அர்த்தம்னு அவர் பக்கம் நியாயமும் இருக்கு. கடைசியில வைல்டரும் தயாரிப்பாளர் ஃப்ளட்டும் ஒரு வழியா பாட்டைக் கட்டி முடிச்சு, இதுக்கு ஒரு கிடார் இழை வாசின்னு மார்ட்டினையே கூப்பிட்டாங்க. பாட்டு ஞாபகம் வரும்போது முதல்ல மனசுல ஓடறது அந்த கிடார் இழைதான். ஹார்மோனியம் டெமோவை அப்படியே விட்டிருந்தா அது ஆல்பத்துல ஒரு மூலையில நல்ல பாட்டா இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அது இருக்கற 'வயலேட்டர்' ஆல்பம் 1990. முந்தின வருஷம் 'பெர்சனல் ஜீசஸ்' தனியா வந்துது. கிடாரா? சிந்த் குழுவுலயா? அதுல திம் திம்னு விழற தாளம், சாமான் கொண்டு போற பெட்டிகள் மேல ஏறி ஆளுங்க குதிச்ச சத்தம். டிரம் மெஷின் வச்சிருக்கறவங்க பெட்டி மேல ஏறிக் குதிக்கறாங்க பாருங்க, இவங்களை எனக்குப் பிடிக்க இதுவே போதும். 'வயலேட்டர்'ல ஒரு சத்தம்கூட உபரியா இல்லை. எது வேணும்னு தேடினதைவிட எது வேண்டாம்னு தூக்கிப் போட்டதுலதான் அந்த ஆல்பம் நிக்குது. கோட் எழுதறவங்களுக்குத் தெரியும், ஆயிரம் வரி சேர்க்கறது சுலபம். நூறு வரியை அழிக்கறதுக்குத்தான் தைரியம் வேணும்.

அப்புறம் 1993, 'சாங்ஸ் ஆஃப் ஃபெயித் அண்ட் டிவோஷன்'. நீள முடியும் பச்சை குத்தலுமா டேவ் கான் லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து வந்து இறங்கினார், ராக் இசை வேணும்னு. மாட்ரிட்ல வீடு எடுத்து எல்லாரும் ஒண்ணாத் தங்கிப் பதிவு பண்ணலாம்னு திட்டம். ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசாத நாலு பேர் ஒரே வீட்ல! நிஜ டிரம்ஸை வைல்டரே வாசிச்சார். அதையும் வெட்டி ஒட்டி லூப்பாத்தான் போட்டாங்க, பழக்க தோஷம். 'வாக்கிங் இன் மை ஷூஸ்', 'கன்டெம்னேஷன்' எல்லாம் தேவாலய வாசனையும் அழுக்குமா கலந்து கட்டின பாட்டு. பிரிட்டன், அமெரிக்கா ரெண்டு பட்டியல்லயும் முதலிடம். பின்னாடியே வந்த பதினாலு மாசச் சுற்றுப்பயணம் எல்லாரையும் உடைச்சுது. ஃப்ளெட்சர் மனசு சரியில்லாம பாதியில வீட்டுக்குப் போயிட்டார். டேவ் ஹெராயின்ல மூழ்கிட்டார்.

1995 ஜூன் 1, தன்னோட பிறந்தநாள் அன்னிக்கு, வைல்டர் விலகல் அறிக்கை விட்டார். வேலைப் பங்கீடு சரியில்லை, நான் போடற உழைப்புக்கு உள்ளேயே மதிப்பு இல்லைங்கறதுதான் சாரம்.

அந்த அறிக்கையை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கில்லை. காரணம் இருக்கு. என் முதல் கம்பெனியில (பேர் வேண்டாம்) நான் பார்த்த வேலையும் அதேதான். ரெண்டு பேர் எழுதின ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணாக் கோத்து, உடையற இடத்தையெல்லாம் ஒட்டி, ராத்திரியில ஓட விடறது. காலையில டெமோ காட்டறது வேற ஆள். 2021ல நான் கொடுத்த ராஜினாமா கடிதம் கிட்டத்தட்ட வைல்டரோட அறிக்கையோட மொழிபெயர்ப்பு. டேமேஜர் அதைப் படிச்சுட்டு "ரொம்ப நல்ல இங்கிலீஷ்ப்பா" அப்படின்னார். வேற ஒண்ணும் சொல்லலை.

அதனால 1995க்கு அப்புறம் வந்த டெபெஷ் மோடை நான் ஒழுங்கா காது கொடுத்துக் கேட்டதே இல்லை. வைல்டர் போனதும் இவங்க காலின்னு நிரூபிக்கறதுதான் என் வேலையா இருந்துது. நியாயமா சொன்னா, பாதி நிரூபிக்கவும் முடியும். 2001ல வந்த 'எக்ஸைட்டர்' ரொம்ப ஒல்லி. 'ட்ரீம் ஆன்' பிடிக்கும், மிச்சத்துல பாதி காத்துல கரைஞ்சு போயிடுது. 2009க்கு முன்னாடி மார்ட்டின் ஈபேல பழைய அனலாக் சிந்தா வாங்கிக் குவிச்சிருக்கார். 'சவுண்ட்ஸ் ஆஃப் த யூனிவர்ஸ்' கேட்டா ஒவ்வொரு பார்சலையும் பிரிச்சு வாசிச்ச மாதிரியே இருக்கு. எல்லா சத்தமும் நல்ல சத்தம், ஆனா வேண்டாம்னு சொல்ல ஆளில்லை. 2005 ஆல்பம் 'ப்ளேயிங் தி ஏஞ்சல்' பரவாயில்லை, 'ப்ரெஷியஸ்' நிஜமாவே அருமை. அதுல டேவ் கானும் முதல் தடவையா மூணு பாட்டு எழுத இடம் கேட்டு வாங்கினார். 2013, 2017 ஆல்பங்களை நான் அதிகம் திரும்பிக் கேக்கறதில்லை.

ஆனா 1997ல வந்த 'அல்ட்ரா'வை அப்ப ஒதுக்கினதுக்கு இப்ப வெக்கப்படறேன். 1996 மே மாசம் லாஸ் ஏஞ்சலஸ்ல டேவ் கானுக்கு போதை மருந்து அளவு மீறி இதயம் ரெண்டு நிமிஷம் நின்னு போச்சு. ஆல்பம் பாதியில கிடக்கு. மூணே பேர், புதுத் தயாரிப்பாளர் டிம் சிமனன். அந்த நிலைமையில வந்த 'பேரல் ஆஃப் எ கன்', 'இட்ஸ் நோ குட்' ரெண்டையும் ஹெட்ஃபோன்ல கேளுங்க. தாளம் தரையில இழுபட்டு நடக்குது, குரல்ல ஒரு கீறல். பிரிட்டன்ல முதலிடம். வைல்டர் இருந்திருந்தா இன்னும் நேர்த்தியா இருந்திருக்கும். ஆனா நேர்த்தி எதுக்கு அந்த ஆல்பத்துக்கு?

இங்கதான் என் கட்சி ஆட்டம் கண்டுது. வெளியீட்டு வருஷங்களை வரிசையா எழுதிப் பாருங்க: 1993, 1997, 2001, 2005, 2009, 2013, 2017. நாலு, நாலு, நாலு. ஒலிம்பிக் மாதிரி! ஒருத்தர் செத்துப் பிழைச்சிருக்கார், குழுவோட காது வெளியே போயிடுச்சு, எழுதறவரும் பாடறவரும் ரெண்டு துருவம். எழுத்துல யாருக்கு எவ்வளவு பங்குன்னு பஞ்சாயத்து வேற. இருந்தும் இருபத்திநாலு வருஷமா ஒரு தடவைகூட அந்த நாலு வருஷம் தப்பலை. எங்க டீம்ல ரெண்டு வார ஸ்ப்ரிண்ட்டையே நாலு வாரமா முடிக்கறோம்.

இதை யார் ஓட்டினது? பாட்டு எழுதாத, பாடாத, ஸ்டூடியோவுல பெரிசா எதுவும் வாசிக்காத அந்த மனுஷன்தான்னு இப்ப நினைக்கறேன். ஃப்ளெட்சர் குழு ஆரம்பிச்ச புதுசுல இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பார்த்தவர். எண்பதுகள்ல இவங்களுக்கு மேனேஜர்னு யாரும் கிடையாது. கணக்கு, ஒப்பந்தம், யார் எங்க எப்ப வரணும்கற சமாச்சாரமெல்லாம் அவர் தலையிலதான். அதைவிட முக்கியம், மார்ட்டினும் டேவும் நேருக்கு நேர் பேசிக்காத காலங்கள்ல நடுவுல நின்னு பேசினவர் அவர். மேடையில ஒத்தை விரல்ல வாசிக்கறார், கையைத் தட்டிக்கிட்டு நிக்கறார்னு ரசிகர்கள் பண்ணின கிண்டலுக்கு அளவில்லை. நானும் பண்ணியிருக்கேன்.

என் ரெண்டாவது கம்பெனியிலயும் அப்படி ஒரு அண்ணன் இருந்தார். காபி மெஷின் பக்கத்துலயே நிப்பார். கோட் எழுதி நான் பார்த்ததில்லை. "அண்ணே, உங்க கீபோர்டுக்கு வயர் இருக்கா?"ன்னு ஒரு நாள் கேட்டிருக்கேன், அவரும் சிரிச்சார். ஆள்குறைப்புல அவர் பேர் முதல்ல வந்தப்ப யாருக்கும் ஆச்சரியமில்லை. மூணு மாசத்துல பேக்எண்டும் ஃப்ரண்ட்எண்டும் மெயில்ல மட்டும் பேசிக்கற நிலைமை வந்துது. யாருக்கு என்ன கோபம், யாரை எப்ப காபிக்குக் கூட்டிட்டுப் போகணும்கறது அந்த ஒருத்தர் தலையில மட்டும் இருந்திருக்கு. அதுக்கு எந்த டாகுமெண்டும் கிடையாது.

2022 மே 26, ஃப்ளெட்சர் இறந்துட்டார். வயசு 60. அடுத்த ஆல்பத்துக்கு பெரும்பாலான பாட்டு அதுக்கு முன்னாடியே எழுதியாச்சு. ஸ்டூடியோவுக்குப் போறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத்தான் ரெண்டு பேரும் போனாங்க. 2023 மார்ச்சுல 'மெமென்டோ மோரி', பதினஞ்சாவது ஆல்பம். இப்ப நடுவுல ஆள் இல்லை, அதனால நாங்களே நேரா பேசிக்க வேண்டியதாப் போச்சுன்னு ரெண்டு பேரும் பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. நாப்பத்திரண்டு வருஷம் கழிச்சு!

அது ஆல்பத்துலயே கேக்குது. 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' ஆரம்பிக்கறப்ப அந்தப் பழைய ஒத்தை இழை சிந்த், 1981ல பின்னின அதே மாதிரி ஒல்லி. மார்ட்டினோட குரல் டேவோட குரலுக்குப் பின்னாடி ஒளியாம பக்கத்துல நிக்குது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டுப் பாடற மாதிரி. 1990க்கு அப்புறம் இவங்க பண்ணினதுலேயே சிறந்தது இதுதான்னு சொல்லுவேன். 'சாங்ஸ் ஆஃப் ஃபெயித்' ஆளுங்க அடிக்க வரலாம், வாங்க.

வைல்டர் கட்சியை நான் விட்டுடலை. அந்த சத்தம் அவரோடதுதான், இன்னும் அப்படித்தான் சொல்றேன். 2010ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல ஒரே ஒரு பாட்டுக்கு அவர் திரும்பி வந்து பியானோவுல உக்காந்தார், 'சம்பாடி'. அந்த வீடியோவை ராத்திரி நேரத்துல பார்க்காதீங்க, மறுநாள் ஆணி பிடுங்க முடியாது.

'மெமென்டோ மோரி' சுற்றுப்பயணத்துல 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பாட்டை ஃப்ளெட்சருக்குன்னு சொல்லிட்டுப் பாடினாங்க. அவருக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டாம். பின்னாடி பெரிய திரையில அவர் முகம், கண்ணாடி போட்டுக்கிட்டு. அந்த வீடியோவை ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். இப்ப புனேல இருக்கான், பேசியே ஒரு வருஷம் ஆச்சு. "இவர் சும்மாதானடா நின்னாரு"ன்னு பதில் போட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே போன் பண்ணினான். ரெண்டு மணி நேரம் பேசினோம், பழைய சண்டை மறுபடி முதல்ல இருந்து.

காபி மெஷின் அண்ணன் நம்பரும் எங்கிட்ட இருக்கு. இன்னும் பண்ணலை.

டிஸ்கி: வின்ஸ் கிளார்க்கை ரெண்டே வரியில முடிச்சுட்டியேன்னு யாராவது பின்னூட்டத்துல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். யாஸூ, இரேஷர் ரெண்டுக்கும் சேர்த்து தனிப் பதிவு வரும். 2012ல அவரும் மார்ட்டினும் சேர்ந்து ஒரு டெக்னோ ஆல்பம் போட்டாங்க, அதையும் அதுலயே பார்த்துக்கலாம். ஆணி குறைஞ்சா.